லோயர் குவின்டனில் யாரும் எதையும் பார்க்கவில்லை

யூடியூபில் லோயர் குவின்டன் என்று தேடிப் பாருங்கள். கறுப்பு நாய், மண்டை ஓடு, பனிமூட்டத்தில் ஒரு குன்று, "இங்கிலாந்தின் கடைசி சூனியக் கொலை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, பின்னணியில் யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இசை வேறு. உண்மைக் குற்றக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிற ஆள் நான். இந்த வழக்கைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன், படிக்கப் படிக்க எரிச்சல்தான் கூடியது. வயதான ஒரு மனிதரைப் பட்டப்பகலில், அவர் கையில் இருந்த கருவிகளாலேயே கொன்றிருக்கிறார்கள். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர். லண்டனிலிருந்து அந்தக் காலத்தின் பேர்போன துப்பறிவாளர் வந்து தங்கி விசாரித்தும் ஒருவர்கூடப் பிடிபடவில்லை. அது எப்படி நடந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அதற்கு நாயும் வேண்டாம், பேயும் வேண்டாம்.

ஊர் இருப்பது வார்விக்ஷயரில், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஆறேழு மைல். ஊருக்குப் பின்னால் மீயன் குன்று என்று ஒரு மேடு. சாத்தான் ஈவ்ஷாம் மடாலயத்தின் மேல் ஒரு மண்கட்டியைத் தூக்கி எறிந்தான், ஒரு பிஷப்பின் ஜெபத்தால் அது குறி தவறி இங்கே விழுந்து குன்றாகிவிட்டது என்று ஒரு கதை உண்டு. எந்த நாட்டில்தான் குன்றுக்கு இப்படி ஒரு கதை இல்லை?

நாள் 1945 பிப்ரவரி 14, புதன்கிழமை. காதலர் தினம், அந்த வருடம் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனும் அதே நாளில் வந்தது. போர் இன்னும் முடியவில்லை. அதே நாட்களில்தான் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்தது. அப்படியொரு வாரத்தில் ஒரு கூலியாளின் சாவு செய்தித்தாளில் இடம்பிடித்ததே பெரிய விஷயம் என்று தோன்றுகிறது.

சார்லஸ் வால்டனுக்கு வயது 74. வாழ்நாள் முழுக்கப் பண்ணைக் கூலி வேலை. மனைவி 1927-இல் இறந்துவிட்டார். தேவாலயத்துக்கு எதிரே கூரை வேய்ந்த சின்ன வீடு, வாரம் மூன்று ஷில்லிங் வாடகை, கூட இருந்தது மூன்று வயதிலிருந்து அவரே எடுத்து வளர்த்த உறவுக்காரப் பெண், அப்போது முப்பதைத் தாண்டியவர். மூட்டுவாதம் இருந்ததால் வால்டன் கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். ஆனாலும் வானம் வெளுத்த நாட்களில் வேலி வெட்டப் போய்விடுவார். அங்கே வயல்களுக்கு நடுவே கல்லும் கம்பியும் கிடையாது, உயிர்வேலிதான். நம்மூர்க் கிளுவை வேலி போல, ஆனால் இன்னும் அடர்த்தியாக, குளிர்காலத்தில் வெட்டிச் சீர்செய்து விட வேண்டும், இல்லாவிட்டால் காடாகிவிடும். மணிக்கு ஒன்றரை ஷில்லிங் கூலி. கடைசி ஒன்பது மாதமாக உள்ளூர்ப் பண்ணை ஒன்றுக்கு இந்த வேலையைச் செய்துவந்தார்.

அன்று காலையில் தோளில் கவைக்கோலும் (வைக்கோல் அள்ளுகிற, நீண்ட பிடி போட்ட இரட்டைப் பல் கருவி) கையில் வேலி வெட்டும் அரிவாளுமாகக் கிளம்பி தேவாலயத் தோட்டம் வழியாகக் குன்றுப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. வழக்கமாக நாலு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். வளர்ப்புப் பெண் ஆறு மணிவாக்கில் வேலை முடிந்து வந்தபோது வீடு இருட்டாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு, இருவருமாகப் பண்ணை வீட்டுக்குப் போய் அதை நடத்துகிறவரையும் எழுப்பிக்கொண்டு, டார்ச் விளக்கோடு மூன்று பேருமாக வயலுக்கு நடந்தார்கள்.

வேலி ஓரத்தில் கிடந்தார். அவருடைய கைத்தடியாலேயே தலையில் அடித்திருந்தார்கள். அரிவாளால் கழுத்தை வெட்டியிருந்தார்கள், ஒரே வெட்டில்லை. கவைக்கோலின் இரண்டு பல்லும் கழுத்துக்கு இரு புறமும் இறங்கி மண்ணில் பதிந்திருக்க, அதன் நீண்ட பிடி பின்னால் வளைந்து வேலிக்கடியில் சிக்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பெண்ணைப் பார்க்கவிடாமல் திருப்பி அழைத்துப் போனார். வயலைக் கடந்து போய்க்கொண்டிருந்த இன்னொருவரிடம் போலீஸுக்குச் சொல்லச் சொன்னார்கள். அதுவரைக்கும் இருட்டில் பிணத்தோடு தனியாக நின்றவர் பண்ணைக்காரர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு நெருங்கும்போது பர்மிங்ஹாம் பக்கத்துத் தடயவியல் பேராசிரியர் வெப்ஸ்டர் வந்து பார்த்தார். மதியம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இறந்திருக்கலாம் என்றார். கைகளில் காயம் இருந்தது, கிழவர் தடுக்கப் பார்த்திருக்கிறார். இப்போது வீடியோக்காரர்கள் எல்லாரும் மார்பில் சிலுவை கீறியிருந்தது என்று சொல்கிறார்களே, அது வெப்ஸ்டரின் அறிக்கையில் கிடையாது. பின்னால் யாரோ வைத்த கண்ணு மூக்கு அது.

வால்டனின் தகர உறை போட்ட பாக்கெட் கடிகாரம் மட்டும் காணோம்.

மறுநாளே மாவட்டப் போலீஸ் லண்டன் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிடம் உதவி கேட்டது. அந்தச் செய்தியிலேயே ஒரு வரி: இதைச் செய்தது ஒரு பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து முகாமில் இருக்கிற இத்தாலியக் கைதிகளில் ஒருவன். லாங் மார்ஸ்டனில் போர்க்கைதிகள் முகாம் இருந்தது உண்மை. 1943-இலேயே இத்தாலி சரணடைந்துவிட்டதால் அவர்களுக்குக் காவல் தளர்ந்து, ஊருக்குள் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் முதலில் யார் மேல் போகிறது பாருங்கள், புத்தி பேதலித்தவன் மேல், அடுத்து வெளியூரான் மேல். ஊருக்குள் இருப்பவன் பட்டியலிலேயே இல்லை. இத்தாலி மொழி தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரியை லண்டனிலிருந்து வரவழைத்து முகாம் முழுக்க விசாரித்தார்கள். ஒரு கைதியின் கோட்டில் ரத்தம் இருந்தது, அவன் திருட்டுத்தனமாகப் பிடித்த முயலுடையது என்று தெரியவந்தது, அத்தோடு முகாம் கதை முடிந்தது.

ஸ்காட்லாந்து யார்டிலிருந்து விசாரிக்க வந்தவர் ராபர்ட் ஃபேபியன். சாதாரண ஆள் இல்லை. 1939-இல் லண்டன் பிக்காடில்லியில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த குண்டைத் தன் கையாலேயே பிரித்துச் செயலிழக்க வைத்ததற்காக அரசர் பெயரிலான போலீஸ் பதக்கம் வாங்கியவர். பின்னாளில் அவர் பெயரிலேயே பிபிசியில் தொலைக்காட்சித் தொடர் வந்தது. லண்டன் தெருக்கள் அவருக்குக் கைரேகை மாதிரி. ஆனால் உயிர்வேலியும் மாட்டுக்கொட்டிலும்?

இங்கே கொஞ்சம் வழி விலகி அவருடைய இன்னொரு வழக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு லோயர் குவின்டன் புரிந்தது. 1947 ஏப்ரல் 29, லண்டன் சார்லட் தெரு. ஒரு நகைக்கடையைக் கொள்ளையடிக்க முயன்ற மூன்று பேர் ஓடும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த அலெக் டி ஆன்டிக்விஸ் என்பவர் குறுக்கே வண்டியை நிறுத்தித் தடுக்கப் பார்க்கிறார், தலையில் சுட்டுவிடுகிறார்கள். பட்டப்பகல், ஜனம் நிறைந்த தெரு, பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் ஆளுக்கொரு அடையாளம் சொல்கிறார்கள். அந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு ஃபேபியனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம் ஒரு டாக்ஸி ஓட்டுநர் வந்து, இரண்டு பேர் பக்கத்து வீதியில் ஒரு கட்டடத்துக்குள் ஓடியதைப் பார்த்தேன் என்கிறார். அங்கே போய்த் தேடினால் மூலையில் சுருட்டி வீசிய ஒரு மழைக்கோட்டு. அதன் உள்துணியைப் பிரித்துப் பார்த்தால் தைத்த இடத்தின் சரக்குச் சீட்டு ஒன்று. சீட்டைப் பிடித்துக்கொண்டு லீட்ஸ் நகரத்துத் தொழிற்சாலை, அங்கிருந்து தென்கிழக்கு லண்டனில் டெட்ஃபோர்டில் ஒரு கடை, கடைக் கணக்கில் வாங்கியவர் பெயர், அந்த வீட்டிலிருந்து நேராகக் கொள்ளையர்களில் ஒருவன். மூன்று பேரும் பிடிபட்டு, இரண்டு பேர் செப்டம்பரில் தூக்கிலேறினார்கள்.

நகரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது, அதனால் ஒரு துப்பறிவாளன் பொருட்களைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், பொருட்களும் பேசும். ஒரு கோட்டு பத்து லட்சம் பேரில் ஒருவனைப் பிரித்துக் காட்டும். லோயர் குவின்டனில் அந்த வித்தை பலிக்கவில்லை. கொலைக் கருவி யாருடையது? செத்தவருடையது. வயலில் யாருடைய காலடி? ஊர்க்காரர்கள் எல்லாருடையதும். வேலைச் சட்டையில் ரத்தமா, ஆடு மாடு வளர்க்கிற ஊரில் யார் சட்டையில்தான் ரத்தம் இல்லை? ஓர் ஆள் அந்த நேரத்தில் அந்த வயல் பக்கம் போனான் என்றால் அதில் என்ன அதிசயம், அவன் வயல் அங்கேதானே இருக்கிறது. நகரத்தில் சாட்சியாகிற எல்லாமே இங்கே அன்றாட வாழ்க்கை. இங்கே வழக்கைத் தீர்க்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், யாராவது வாயைத் திறப்பது.

யாரும் திறக்கவில்லை. பின்னாளில் எழுதிய நினைவுகளில் ஃபேபியன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவரும் அவருடைய உதவியாளர் சார்ஜன்ட் வெப்பும் ஊர் மதுக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு அப்படியே நின்றுபோகுமாம். வீட்டுக் கதவைத் தட்டினால் பயிர் சரியில்லை, மாடு செத்துவிட்டது என்பார்களாம், வால்டன் பெயரை எடுத்தால் கதவு சாத்தப்படுமாம். அவரைப் புதைத்து இத்தனை நாளாயிற்று, இன்னும் எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்டவர்களும் உண்டாம். மொத்தம் 4000 வாக்குமூலம் எடுத்ததாக எழுதுகிறார். கண்ணிவெடி தேடும் கருவிகளோடு ராணுவத்தினர் வந்து அந்தக் கடிகாரத்துக்காக வயலை அங்குலம் அங்குலமாகச் சலித்தார்கள். கிடைக்கவில்லை.

சரி, பண்ணைக்காரருக்கு வருவோம். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, நான் இங்கே போடப் போவதில்லை. அவர் மேல் வழக்கே போடப்படவில்லை, குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை. ஆனால் 1945 ஏப்ரலில் ஃபேபியன் மேலதிகாரிகளுக்கு எழுதிய அறிக்கையில் சூனியத்துக்கு இடமே இல்லை, அதில் திரும்பத் திரும்ப வருவது இந்த மனிதர்தான்.

அவர் சொன்ன கதை இது. மதியம் வரை இன்னொரு விவசாயியோடு மதுக்கடையில் இருந்தேன். அப்புறம் ஆடுகளைப் பார்க்க வயலுக்குப் போனேன், தூரத்தில் வால்டன் வேலி வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், போய்ப் பேசியிருப்பேன், ஒரு கிடாரி பள்ளத்தில் விழுந்து கிடந்ததால் அதைக் கவனிக்க வேண்டியிருந்தது. இதில் சிக்கல் என்னவென்றால், அந்தக் கிடாரி முதல் நாளே செத்துப்போயிருந்தது. எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்பது ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கொஞ்சம் நகர்ந்தது. கருவிகளின் பிடியைத் தொட்டேன் என்பது முதல் நாள் உள்ளூர்ப் போலீஸிடம் சொன்னதில் இல்லை, லண்டன்காரர்கள் வந்த பிறகுதான் அந்த வரி சேர்ந்தது. கைரேகை எடுப்பார்கள் என்ற பேச்சு ஊரில் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம்.

இதெல்லாம் சேர்ந்தால் ஒரு கொலைகாரனா என்றால், இல்லை. பதறிப்போன மனிதனுக்கு நேரம் குழம்பும். பிணத்தோடு இருட்டில் நின்றவன் எதையாவது தொட்டிருப்பான், பயத்தில் அதைச் சொல்ல மறந்தும் இருப்பான். ஃபேபியனுக்கும் இது தெரிந்திருக்கிறது, அதனால்தான் அறிக்கையில் சந்தேகத்தைச் சொல்கிறாரே தவிர முடிவு கட்டவில்லை. கொல்வதற்கு என்ன காரணம் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது.

ஆனால் காரணம் இருக்கக்கூடிய இடத்தை அவர் தோண்டியிருக்கிறார், எனக்கு இந்த வழக்கில் பிடித்ததே அந்தப் பகுதிதான். பணம். பண்ணை அந்த மனிதருடைய சொந்தச் சொத்து இல்லை, குடும்ப நிறுவனத்துக்காக நடத்திவந்தார். கூலி நிறுவனக் கணக்கிலிருந்து வரும். வால்டன் வேலைசெய்த மணிக்கணக்கை விட அதிகமாகக் கணக்கு எழுதி, மிச்சத்தை அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது விசாரணையில் வெளிவந்தது. சில்லறைத் தொகைதான். ஊரெங்கும் நடக்கிற சங்கதி. ஆனால் கூலிக்காரனுக்குத் தன் பெயரில் எத்தனை மணி எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? அது கொலை வரைக்கும் போகுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஒரு சத்தம் போட்ட சண்டை வரைக்கும் கட்டாயம் போகும், சண்டை நடக்கிற இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அரிவாள் இருக்கிறது.

இன்னொன்று. 1927-இல் மனைவி இறந்தபோது வால்டனுக்கு 297 பவுண்ட் வந்தது. ஒரு கூலிக்காரருக்கு அது பெரிய தொகை. செத்தபோது அவர் பெயரில் மீதி இருந்தது இரண்டே முக்கால் பவுண்டுக்கும் குறைவு. பதினெட்டு வருடத்தில், மூட்டுவாதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கலாம். யாருக்காவது கைமாற்றாகக் கொடுத்திருக்கலாம். சீட்டு எழுதாத கடன் என்றால் கேட்கிற கிழவரும் கொடுக்க முடியாதவரும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கடன் வாங்கியது பண்ணைக்காரர்தான் என்று சிலர் உறுதியாகவே எழுதுகிறார்கள், ஆதாரம் கிடையாது. கூலிக் கணக்கில் விரல் வைக்கலாம், கடனில் முடியாது.

ஊர் ஏன் பேசவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஊர்க்காரர்கள் கொலைகாரனை எல்லாரும் சேர்ந்து மறைத்தார்கள் என்று நான் நம்பவில்லை. ரகசியம் காக்க நானூற்றுத் தொண்ணூறு பேர் கூடிச் சத்தியம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகத்தான் தெரிந்திருக்கும். ஒருவருக்குக் கூலிக் கணக்கு தெரியும், இன்னொருவர் பன்னிரண்டரைக்கு யாரோ வேகமாக நடந்து போனதைப் பார்த்திருப்பார், வேறொருத்தி அன்று சாயங்காலம் எந்த வீட்டில் துணி ஊறப்போட்டிருந்தது என்று கவனித்திருப்பாள். இதில் எதுவும் தனியாகக் கொலைச் சாட்சி இல்லை. ஆனால் சொன்னால் யார் சொன்னது என்று அரை நாளில் தெரிந்துவிடும். ஃபேபியன் ரயிலேறி லண்டன் போய்விடுவார், சொன்னவர் அடுத்த வாரம் அதே பண்ணையில் கூலி கேட்டு நிற்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதே தேவாலயத்தில் இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார வேண்டும். அதுவும் சொன்னது தப்பாகப் போய், ஒரு நிரபராதி தூக்கில் தொங்கினால்? அப்போது கொலைக்குத் தண்டனை தூக்குத்தான், நினைவிருக்கட்டும். அக்கம்பக்கத்தாரைத் தூக்குமேடைக்கு அனுப்பக்கூடிய அரைகுறைச் சந்தேகத்தை வெளியூர் அதிகாரியிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

எதையும் வெளியே விடாத சுபாவம், அந்நியரிடம் சீக்கிரம் ஒட்டமாட்டார்கள் என்று ஃபேபியனே ஊர்க்காரர்களைப் பற்றி அறிக்கையில் எழுதியிருக்கிறார். சுபாவம் என்று அவர் சொன்னது எனக்கு முழுக்கச் சரியாகப் படவில்லை. அதே மனிதர்கள் தங்களுக்குள் இதைப் பேசாமலா இருந்திருப்பார்கள்? கிணற்றடியிலும் அடுப்படியிலும் பேசித் தீர்த்திருப்பார்கள். அந்நியர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மார்ச் 20-ஆம் தேதி ஸ்ட்ராட்ஃபோர்டில் மரண விசாரணை முடிந்தது. பெயர் தெரியாத நபர் அல்லது நபர்கள் செய்த கொலை என்று தீர்ப்பு. ஃபேபியன் ஊரைக் காலி செய்தார்.

அப்புறம்தான் சூனியம் வந்தது. எப்படி வந்தது என்பதே ஒரு துப்பறியும் கதை. வார்விக்ஷயர் துப்பறியும் பிரிவின் தலைவர் அலெக் ஸ்பூனர், விசாரணை நடக்கும்போதே, அந்தப் பக்கத்துப் பாதிரியார் ஒருவர் தொகுத்த நாட்டார் கதைப் புத்தகத்தை ஃபேபியனிடம் காட்டியிருக்கிறார். அதில் 1885-இல் ஏர் ஓட்டும் பையன் ஒருவன் தொடர்ந்து ஒன்பது நாள் மாலையில் ஒரு கறுப்பு நாயைப் பார்க்கிறான், கடைசி நாளில் தலையில்லாத ஒரு பெண் அவனைக் கடந்து போகிறாள், மறுநாள் அவன் அக்காளோ தங்கையோ இறந்துபோன செய்தி வருகிறது. பையன் பெயர் சார்லஸ் வால்டன். பெயர் ஒத்துப்போகிறது, வயதும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆனால் கதை நடந்ததாகச் சொல்லும் ஊர் அல்வெஸ்டன், இவர் ஊர் இல்லை. வால்டன் என்பது அந்த வட்டாரத்தில் அபூர்வமான பெயரும் இல்லை. அதே மாதிரி 1875-இல் சுமார் 15 மைல் தள்ளி லாங் காம்ப்டனில் ஆன் டெனன்ட் என்ற வயதான பெண்ணை, அவள் சூனியக்காரி என்று நம்பிய ஒருவன் கவைக்கோலால் குத்திக் கொன்றான். இது நிஜமாக நடந்தது, அவனை மனநலம் பாதித்தவன் என்று அடைத்துவைத்தார்கள். இரண்டு கொலையிலும் கவைக்கோல் இருக்கிறது, சரி. பண்ணை நாட்டில் கையில் அகப்படுகிற ஆயுதம் அதுதானே, வாளா இருக்கும்?

1950-இல் மார்கரெட் மர்ரே இதில் நுழைந்தார். எகிப்தியவியல் அறிஞர், பிறந்தது நம் கல்கத்தாவில். ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய சூனிய மதம் ஒன்று ரகசியமாகத் தொடர்ந்தது என்று ஒரு கோட்பாடு வைத்திருந்தவர், வரலாற்று ஆய்வாளர்கள் அதைப் பின்னால் ஓரங்கட்டிவிட்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் ஓவியம் வரைகிறவர் போல லோயர் குவின்டனில் போய்த் தங்கி, இது பலிதான் என்று சொல்லிவிட்டார். பத்திரிகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? முந்தைய வருடம் விளைச்சல் மோசம், மண்ணுக்கு ரத்தம் கொடுத்தார்கள், பழைய நாட்காட்டிப்படி கணக்குப் போட்டால் அந்தத் தேதி ஒரு பண்டிகை நாள் என்று வரிசையாகக் கிளம்பின. ஃபேபியனே ஆண்டுகள் போகப் போக மாறிவிட்டார். அறிக்கையில் கூலிக் கணக்கை நோண்டிய மனிதர், 1950-இல் எழுதிய நினைவுகளில் குன்றின் மேல் ஓடிய கறுப்பு நாயைச் சேர்க்கிறார். 1970-இல் எழுதும்போது மாந்திரீகத்தில் இறங்க நினைக்கிறவர்கள் வால்டனின் சாவை நினைத்துப் பார்க்கட்டும் என்று எச்சரிக்கையே விடுகிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கண்டுபிடிக்க முடியாத வழக்கு ஒரு நல்ல போலீஸ்காரனை என்ன பாடு படுத்தும் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் இந்தச் சூனியக் கதை யாருக்கெல்லாம் வசதி என்று பாருங்கள். தோற்ற துப்பறிவாளருக்கு வசதி, எதிரே நின்றது சாதாரணக் கொலைகாரன் இல்லை என்றாகிவிடுகிறது. ஊருக்கு வசதி, ஏன் பேசவில்லை என்று கேட்டால் பயம் என்று சொல்லிவிடலாம். செய்தவனுக்கு எல்லாரையும் விட வசதி. வசதி இல்லாமல் போனது வால்டனுக்குத்தான். மூட்டுவலியோடு வேலி வெட்டி ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கிய மனிதர், இன்றைக்கு இணையத்தில் தேரைகளோடு பேசிய மந்திரவாதியாக வலம்வருகிறார்.

கடைசியாக அந்தக் கடிகாரம். 1960 ஆகஸ்டில் வால்டன் குடியிருந்த வீட்டின் பின்னால் பழைய கொட்டகைகளை இடித்தபோது, ஒரு தகரக் கடிகாரம் அகப்பட்டது. அவருடையதுதான் என்று அடையாளம் சொன்னார்கள். வருடா வருடம் பிப்ரவரி 14 அன்று அந்த ஊருக்குப் போய்வந்தவர் என்று சொல்லப்படும் ஸ்பூனர் உடனே கிளம்பிப் போனார், புதிதாக ஒன்றும் தேறவில்லை. கொலைகாரன் பின்னால் கொண்டுவந்து போட்டான் என்பது பிரபலமான விளக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. தூக்கிலேற்றக்கூடிய ஒரு பொருளை எடுத்தவன் ஆற்றில் எறிவானே தவிர, போலீஸ் வந்து போகிற செத்தவர் வீட்டுக் கொல்லைக்கா கொண்டு வருவான்? அன்று காலையில் அவர் அதை எடுத்துக்கொண்டே போகவில்லை, எப்போதோ கொட்டகையில் கைதவறி விழுந்து கிடந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் திருட்டு என்ற காரணமும் போயிற்று, ராணுவம் வயலைச் சலித்ததும் வீண். மிச்சம் இருப்பது அவருக்குத் தெரிந்த, அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்க அவரே அனுமதித்த யாரோ ஒருவர். அந்த ஆள் யார் என்பதற்கு இனி யாரும் வாக்குமூலம் கொடுக்கப் போவதில்லை, அன்று ஊரில் வயதுவந்தவர்களாக இருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.